கட்டுரை லண்டனுக்கு, புரூஃப் மதுரைக்கு: ஆய்விதழ்த் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

ஆய்விதழ்களைத் தயாரிக்கும் தொழில் குறித்து இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. மதுரையில் அத்தொழிலில் நெடுங்காலம் காப்பி எடிட்டராகவும் பின்னர் தயாரிப்பு மேலாளராகவும் பணியாற்றிய அம்மையார் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அம்மா, என் மகள் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, மதுரையில் ஒரு நிறுவனத்தில் காப்பி எடிட்டர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். நெதர்லாந்துப் பதிப்பகம் ஒன்றின் ஆய்விதழ்களுக்கு வேலை செய்யப் போவதாகச் சொல்கிறாள். நெதர்லாந்துப் பதிப்பகத்துக்கு மதுரையில் என்ன வேலை? இது வெறும் டேட்டா என்ட்ரிதானா? இரவுப் பணி இருக்குமா?
— ஒரு தந்தை, உசிலம்பட்டி

பதில்: தங்கள் மகள் சொன்னது சரியான செய்திதான். பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் பல, தலைமையகத்தை ஆம்ஸ்டர்டாமிலோ லண்டனிலோ வைத்துக்கொண்டு, ஏற்கப்பட்ட கட்டுரையை இதழ்ப் பக்கமாக்கும் வேலையின் பெரும்பகுதியை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொழில் இது. மதுரைக்குச் சற்றுப் பிந்தி வந்தது. அண்ணா நகரில் உள்ள கண் மருத்துவமனையில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை, லண்டன் இதழுக்குப் போய், அமெரிக்காவில் இருக்கும் இதழாசிரியரின் ஒப்புதலைப் பெற்று, பக்க அமைப்புக்காக மதுரைக்கே திரும்பி வந்தால் எங்களில் யாரும் வியப்படைய மாட்டோம்.

டேட்டா என்ட்ரி என்று இதைச் சொல்ல முடியாது. கட்டுரையாளர் அனுப்பிய வேர்டு கோப்பு வந்ததும், தலைப்பு எது, பெயர்கள் எவை, எந்தப் பெயர் எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, சுருக்கம் எங்கே முடிகிறது என்று ஒவ்வோர் உறுப்பும் பிரித்து அடையாளமிடப்படும். அதன் பிறகு காப்பி எடிட்டர் மொழியையும் இதழின் நடைவிதிகளையும் பார்ப்பார். நேரத்தை விழுங்குவது மேற்கோள் பட்டியல்தான்: வான்கூவர் முறையைப் பின்பற்றும் இதழ் ஆறு பெயர்களுக்குப் பின் ‘மற்றும் பிறர்’ என்று நிறுத்தச் சொல்லும், ஏ.பி.ஏ. மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பைப் பின்பற்றும் இதழோ இருபது பெயர்கள் வரை முழுவதும் கேட்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டுரையும் உண்மையில் உள்ளதா, ஆண்டும் பக்க எண்ணும் பொருந்துகின்றனவா என்பதைத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். பின்னர் கட்டுரை, ஒவ்வோர் உறுப்புக்கும் குறியீடு இட்ட எக்ஸ்.எம்.எல். கோப்பாகிறது. 2012-இல் அமெரிக்காவில் தரமாக்கப்பட்ட ‘ஜாட்ஸ்’ என்னும் குறியீட்டு முறையே இதில் பரவலாக வழங்குகிறது. அந்த ஒரே கோப்பிலிருந்து பி.டி.எஃப். பக்கமும் இணையப் பக்கமும் உருவாகின்றன. பேஜினேஷன் என்னும் பக்க அமைப்பு முடிந்ததும், சரிபார்ப்பதற்கான படியாகிய புரூஃப் கட்டுரையாளருக்குப் போகும். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பக் கேட்பார்கள். திருத்தங்கள் ஏறி, தரச்சோதனை முடிந்து, கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணோடு அது இணையத்தில் வெளியாகும்.

வேதியியல் படித்தவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. அயனியின் மின்னேற்றக் குறி மேலே ஏறியிருக்கிறதா, மூலக்கூற்று வாய்பாட்டில் எண் கீழே இறங்கியிருக்கிறதா என்பது அவர் கண்ணில் தானாகவே படும்; ஆங்கில இலக்கியம் மட்டுமே படித்து வந்த நல்ல எடிட்டர்கள் அதைப் பழக மாதங்கள் ஆகும்.

பணி நேரத்தை நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஐரோப்பிய வாடிக்கையாளருக்குக் காலை விடியும்போது நமக்குப் பிற்பகல் என்பதால், இரவு பத்து, பதினொன்று வரை நீளும் இரண்டாம் ஷிஃப்ட் இத்தொழிலில் சாதாரணம். அலுவலக வண்டி செக்கானூரணி வரையாவது வருமா, அல்லது அவர் அரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குத் தனியே போய் நிற்க வேண்டுமா என்பது சம்பளத்துக்கு முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பயிற்சிக்குப் பின் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் இலக்கு என்பதையும் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நகலைக் கொடுத்து, மூலத்தைக் காட்டினால் போதும்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வாளர். என் கட்டுரை ஏழு மாதங்களாக ‘அண்டர் ரிவ்யூ’ என்றே இருக்கிறது. அந்தப் பதிப்பகத்துக்கு வேலை செய்யும் மதுரை நிறுவனத்தில் ஆள் தெரிந்தால் விரைவுபடுத்தலாம் என்று நண்பர் சொல்கிறார். ஒருவர் பணம் கொடுத்தால் ஏற்பு வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். உண்மையா?
— ஆய்வாளர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: உண்மையில்லை. கட்டுரை எங்கள் மேசைக்கு வரும்போது அது ஏற்கப்பட்டு முடிந்திருக்கும். ஏற்பதும் மறுப்பதும் இதழாசிரியரின் கையில் இருக்கின்றன, அவர் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் பேராசிரியர். சில தயாரிப்பு நிறுவனங்கள் இதழின் அலுவலக வேலையையும் பார்க்கின்றன என்பது மெய்தான். கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் துறை வல்லுநரான மதிப்பீட்டாளருக்கு நினைவூட்டல் அனுப்புவது, படங்களின் தரத்தைச் சரிபார்ப்பது, பிறர் எழுத்தோடு ஒப்பிடும் ஒப்புமைச் சோதனை அறிக்கையை இணைப்பது போன்றவை அவர்கள் செய்பவை. அந்த இருக்கையில் இருப்பவருக்கு உங்கள் கட்டுரை எந்த நிலையில் உள்ளது என்பது தெரியும். அதை முன்னே நகர்த்தும் அதிகாரம் கிடையாது, வெளியே சொன்னால் வேலையும் கிடையாது. ஏற்பு வாங்கித் தருவதாகச் சொல்பவர் ஒன்று உங்களை ஏமாற்றுகிறார், அல்லது போலி மதிப்பீட்டாளர்களை வைத்து இதழை ஏமாற்றுகிறார். இரண்டாம் வகையில் உங்கள் கட்டுரை வெளியாகிப் பின்னர் திரும்பப் பெறப்பட்டால், அந்தக் கறை உங்கள் பெயரோடு நிரந்தரமாக நிற்கும். 2023-இல் ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் இத்தகைய முறைகேடுகளால் திரும்பப் பெறப்பட்டன.

தாமதத்துக்கு முதன்மைக் காரணம் மதிப்பீட்டாளர் கிடைக்காமைதான். அவர்களுக்குப் பொதுவாக ஊதியம் இல்லை; அழைப்பை மறுப்பவர்களே மிகுதி; ஒப்புக்கொண்டவர்களிலும் சிலர் கெடு தாண்டியும் எழுதுவதில்லை. மதிப்பீடு என்பது ஆதிகாலம் தொட்டு இருந்துவரும் கட்டாய முறை என்று நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஓல்டன்பர்க் 1665-இல் தொடங்கிய இதழில் எதை வெளியிடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். ‘நேச்சர்’ இதழ் வெளி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973-இல்தான். 1936-இல் ஐன்ஸ்டைன், தம் கட்டுரையைக் கேளாமலே மதிப்பீட்டாளருக்குக் காட்டியதற்காக ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழாசிரியர்மீது சினந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மதிப்பீட்டாளர் சுட்டிய குறை சரியானது என்பதும், வேறோர் இதழில் அது வெளியானபோது முடிவுரை மாறியிருந்தது என்பதும் சுவையான பின்கதை.

நீங்கள் செய்ய வேண்டியது, கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இதழ் அலுவலகத்துக்கு நான்கு வரியில் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. பொறுமை தீர்ந்துவிட்டால் எழுத்து மூலம் திரும்பப் பெற்று, அதற்கான உறுதியும் கைக்கு வந்த பிறகே வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களில் வைத்திருப்பது குற்றமாகவே கொள்ளப்படும்.

கேள்வி: நான் மதுரையில் காப்பி எடிட்டராக இருக்கிறேன். கட்டுரையாளர் எழுதியது தவறு என்று கண்ணுக்குத் தெரிகிறது. திருத்தினால் ‘பொருள் மாற்றம்’ என்று தரப்பிரிவு பிழை போடுகிறது. திருத்தாமல் விட்டால் ‘விடுபட்ட பிழை’ என்று போடுகிறது. எதைத் தொடுவது, எதை விடுவது?
— பணியாளர், மேலூர்

பதில்: இந்த வேலையின் உயிர்நாடியே தங்கள் கேள்வியில்தான் இருக்கிறது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எழுத்துரு சார்ந்த பிழைகளைக் கேளாமலே திருத்தலாம், திருத்தியே ஆக வேண்டும். கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு இருக்கும். பாகைக் குறிக்குப் பதிலாக மேலேற்றப்பட்ட ஆங்கில ‘ஓ’ இருக்கும். கிரேக்க பீட்டாவுக்குப் பதிலாக அதைப் போலவே தோன்றும் ஜெர்மன் எழுத்து இருக்கும். பெருக்கல் குறிக்குப் பதிலாக ‘எக்ஸ்’ இருக்கும். கண்ணுக்கு இவை ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடுபொறிக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்புக்கும் வெவ்வேறு. சிறுகோடாக விட்ட கழித்தல் குறி வரியின் இறுதியில் உடைந்து, எண் அடுத்த வரிக்குப் போய்விட்டால், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்பது வெறும் 20 பாகையாகிவிடும். உயிரினத்தின் அறிவியற்பெயர் சாய்வெழுத்தில் இல்லாதது, சுருக்கக்குறி முதல் வருகையில் விரிக்கப்படாதது ஆகியவையும் இவ்வகையே.

எண், அளவு, முடிவு ஆகியவற்றைத் தொடவே கூடாது. சுருக்கத்தில் 184 நோயாளிகள் என்றும் அட்டவணை 2-இல் 148 என்றும் இருந்தால், அட்டவணையின் கூட்டுத்தொகை 148-க்கே பொருந்துகிறது என்பதை நீங்கள் கூட்டிப் பார்த்துவிட்டாலும், சுருக்கத்தை நீங்களாக மாற்றாதீர்கள். விலகிப்போன 36 பேரைச் சேர்த்துத்தான் அவர் 184 என்று எழுதியிருக்கக்கூடும். இங்கே கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பான கொரி எழுப்ப வேண்டும். அதையும் ‘சரிபார்க்கவும்’ என்று மொட்டையாக எழுதினால், கட்டுரையாளர் ‘சரிபார்த்தேன்’ என்று பதில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்ட பதில்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். ‘சுருக்கத்தில் 184, அட்டவணை 2-இல் 148, எது சரி? இரண்டும் சரியென்றால் வேறுபாட்டை விளக்கும் ஒரு வாக்கியத்தைத் தரவும்’ என்று, அவர் விடை சொல்லாமல் தப்ப முடியாதபடி கேளுங்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வாக்கியங்களால்தான் சண்டை வருகிறது. ‘மருந்து நோயைக் குறைத்தது’ என்பதற்கும் ‘மருந்து எடுத்தவர்களிடம் நோய் குறைவாக இருந்தது’ என்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. முன்னது காரணத்தைச் சொல்கிறது, பின்னது உடன்நிகழ்வைச் சொல்கிறது. ஆங்கிலத்தை அழகாக்கப் புகுந்து பின்னதை முன்னதாக மாற்றிவிட்டால் ஆய்வு சொல்லாததை நாம் சொல்ல வைத்துவிடுவோம். இத்தகைய இடங்களில் வாக்கியத்தின் வினைச்சொல்லைக் காப்பாற்றிவிட்டு, சுற்றியுள்ளதைச் சரிசெய்யுங்கள். வினைச்சொல்லே சிக்கல் என்றால் கொரிதான். தரப்பிரிவு பிழை போட்டால், கொரி எண்ணைக் காட்டி மறுப்பு எழுதுங்கள். பிழை போடுபவரும் இலக்கோடு போராடும் மனிதர்தான், சான்று கிடைத்தால் நீக்கிவிடுவார்.

அட்டவணைகளில் இன்னொரு பொறி உண்டு. ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்ற பெயர்களில் மரபணுக்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று கருதி மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருளைத் திருத்த வைப்பதைவிடப் பெயரை மாற்றுவதே எளிது என்று கண்டு, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. அதற்கான விதிகள் 2020-இல் வெளியாயின. பழைய தரவோடு வரும் கட்டுரைகளில் இப்போதும் மரபணு இருக்க வேண்டிய கட்டத்தில் தேதி இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘மூன்று நாளில் வெளியீடு, கட்டணம் 2,500 ரூபாய்’ என்று வாரந்தோறும் மின்னஞ்சல் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் யு.ஜி.சி.-கேர் பட்டியலில் இருப்பதாகவும் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
— கல்லூரி விரிவுரையாளர், திருமங்கலம்

பதில்: அனுப்பாதீர்கள். நேர்மையான மதிப்பீடு மூன்று நாளில் முடியாது. கேர் பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இல்லாத பட்டியலைக் காட்டி அழைப்பதே அவர்கள் தரத்துக்குச் சான்று. இதழின் பெயரை அவர்கள் தரும் இணைப்பில் பார்க்காமல் ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளத்திலேயே நேரடியாகத் தேடுங்கள்; ஆசிரியர் குழுவில் உள்ள ஒரு பேராசிரியருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் பலர்.

கேள்வி: எழுதுபவருக்கும் பணம் இல்லை, மதிப்பிடுபவருக்கும் பணம் இல்லை என்றால், எங்கள் கல்லூரி நூலகம் கட்டிய சந்தா யாருக்குப் போகிறது? இப்போது அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறதே, அதனால் நிலைமை மாறுமா?
— நூலகர், திண்டுக்கல்

பதில்: பதிப்பகத்துக்குத்தான் போகிறது. உலகின் மிகப் பெரிய பதிப்பகத்தின் அறிவியல் பிரிவு, வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இயக்க இலாபமாகக் காட்டுகிறது. தொகுப்பு, இணையதளம், நிரந்தரச் சேமிப்பு, விற்பனை, எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலி எல்லாம் போக எஞ்சுவது அது. அந்தக் கூலி எங்களுக்குள் நடக்கும் போட்டியால் உயர்வதே இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-இல் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது என்பதால், தங்கள் கல்லூரி அதில் வருகிறதா என்பதை பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிலிப்நெட் மையம் வழியாக உறுதிசெய்துகொள்ளுங்கள். படிப்பதற்கான தடை இதனால் பெரிதும் நீங்குகிறது. வெளியிடுவதற்கான தடை வேறு: கட்டணமின்றி எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டுமானால் அந்தச் செலவை எழுதுபவரின் தலையில் வைக்கும் இதழ்கள் பெருகிவிட்டன. ‘நேச்சர்’ 2021-இல் அதற்காக நிர்ணயித்த தொகை 9,500 யூரோ. நம் பக்கத்துப் பேராசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம் அது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆங்கிலத்தில் இவ்வளவு ஒழுங்கோடு இதழ்கள் வருகின்றன. தமிழாய்வு இதழ்களுக்கு இந்த முறைகள் ஏன் வரவில்லை?
— வாசகர், சோழவந்தான்

பதில்: ஐயா, முறையான தமிழாய்வு இதழுக்கு மதுரை வெளியூரைப் பார்க்க வேண்டியதில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் இங்கே நிறுவிய தமிழ்ச் சங்கம் நடத்திய ‘செந்தமிழ்’, இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கி, ஆய்வுரைகளையும் ஏட்டுச்சுவடியில் கிடந்த நூல்களையும் வெளியிட்டது.

இன்று குறைபடுவது தொழில்நுட்ப ஒழுங்கு. இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். என்னும் எட்டிலக்க எண்ணைப் புதுதில்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது; பல இதழ்கள் அதோடு நின்றுவிடுகின்றன. டி.ஓ.ஐ. வாங்க ஆண்டுக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு கல்லூரித் துறையால் தாங்க முடியாத தொகை அன்று. பெரிய தடை எழுத்துருவில் இருக்கிறது. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றுக்கொண்டும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகள் இன்னும் வருகின்றன, அவற்றைப் பி.டி.எஃப். ஆக்கி ஏற்றினால் பார்க்கலாம், தேட முடியாது. தேட முடியாத கட்டுரையை மேற்கோள் காட்ட யாரும் வருவதில்லை. தாங்கள் ஏதேனும் இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தால், ஒருங்குறியில் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புவதை முதல் விதியாக வையுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, காப்பி எடிட்டிங் இனி இருக்காது என்கிறார்கள். வேறு வேலை தேடலாமா?
— பணியாளர், ஒத்தக்கடை

பதில்: மொழியைச் சீராக்கும் வேலையும் மேற்கோள் வடிவமைப்பும் ஏற்கெனவே பெருமளவு இயந்திரத்திடம் போய்விட்டன, அதை மட்டுமே செய்பவர்களின் எண்ணிக்கை குறையும் என்பதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் 2024-இல் மின்கலம் பற்றிய ஒரு கட்டுரையின் முன்னுரை, ‘நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கான முன்னுரை இதோ’ என்னும் பொருள்படும் இயந்திர வாக்கியத்தோடு அப்படியே வெளியாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. பல ஆய்வாளர்கள் பெயரிட்ட கட்டுரை. இதழாசிரியர், மதிப்பீட்டாளர், தயாரிப்புப் பிரிவு என்று எல்லோரையும் கடந்து போயிருக்கிறது. முதல் வரியைப் படிக்கும் ஆளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. இல்லாத மேற்கோள்களைக் கண்டுபிடிப்பது, படங்களில் ஒட்டுவேலையை அறிவது, நெறிமுறை ஒப்புதல் எண்ணைச் சரிபார்ப்பது ஆகிய பக்கங்களில் பயிற்சி எடுங்கள். புதிய பணியிடங்கள் அங்கேதான் உருவாகின்றன.

கேள்வி: என் கட்டுரை வெளியாகிவிட்டது. ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் எல்லோரும் என் அப்பாவின் பெயரைத்தான் எழுதுகிறார்கள்! மதுரையில் புரூஃப் தயாரித்தவர்கள் செய்த பிழையா இது? இனித் திருத்த முடியுமா?
— ஆய்வு மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: தயாரித்தவர்மேல் பழி போட அவசரப்படாதீர்கள். தமிழ்ப் பெயருக்குக் குடும்பப்பெயர் கிடையாது; கட்டுரையைப் பதிவேற்றும் தளமோ குடும்பப்பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. தந்தை முத்தையா, மகள் மீனாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மீனாட்சி முத்தையா’ என்று நிரப்பினால் மேற்கோளில் ‘முத்தையா மீ.’ என்றுதான் வரும். அடுத்த கட்டுரையில் ‘மு. மீனாட்சி’ என்று நிரப்பினால் ‘மீனாட்சி மு.’ என்று வரும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தால் தரவுத்தளத்தில் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார். எந்தப் பகுதி குடும்பப்பெயர் என்று புரூஃபோடு வந்த கொரிகளில் பெரும்பாலும் முதல் கேள்வியாகவே கேட்டிருப்பார்கள். பெயர்களை வெவ்வேறு வண்ணத்தில் காட்டி உறுதிசெய்யச் சொல்வதும் உண்டு. பலர் அதை வாசிப்பதே இல்லை.

தாங்கள் புரூஃபில் திருத்தித் தந்த பிறகும் தவறாக வெளியாகியிருந்தால், அது தயாரிப்பாளர் பிழை. திருத்த அறிவிப்பை இதழ் தன் பொறுப்பில் வெளியிட வேண்டும். தாங்களே அப்படிப் பதிந்திருந்தாலும் திருத்தம் கோரலாம். கட்டுரையாளர் திருத்தம் என்று அது தனி டி.ஓ.ஐ. எண்ணோடு வெளியாகி, மூலக் கட்டுரையோடு இணைக்கப்படும். பெயர் மாற்றத்தை அறிவிப்பின்றி மூலத்திலேயே மாற்றித் தரும் பதிப்பகங்களும் இப்போது உள்ளன. விண்ணப்பம், இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்புக் கட்டுரையாளர் வழியாகப் போவதே வழக்கம், ஆகவே தங்கள் நெறியாளரிடம் முதலில் சொல்லுங்கள், உடன் எழுதிய அனைவரின் ஒப்புதலையும் மின்னஞ்சலில் பெற்று இணையுங்கள், டி.ஓ.ஐ. எண்ணையும், உள்ளது எது, வேண்டியது எது என்பதையும் இரண்டு வரியில் எழுதி இதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஆர்கிட் என்னும் 16 இலக்க எண் 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே வழங்கப்படுகிறது. இன்றே அதில் பதிந்து, வெளியான கட்டுரையை அந்த எண்ணின்கீழ் சேர்த்துவிட்டு, அடுத்த கட்டுரையிலிருந்து ஒரே வடிவத்தில் பெயரை எழுதுங்கள்.